இரத்தத்தை வடிகட்டுவதும் சூடேற்றுவதும்: மருத்துவம் நாடுவதில் நமது அமானத்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் பேஷ் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

 

ஆண்டுதோறும் இம்மன்றத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் மக்தப் கல்வி ஆகியவை குறித்து உரையாற்றுவது நமது வழக்கம். இவ்வாண்டு மருத்துவம் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டது. இமாமுக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நமது பைத்துல்மாலுக்கு வந்த ஒரு விண்ணப்பமும், அதற்கு முந்தைய ஆண்டில் நம்முடைய நாவாலேயே நேர்ந்துவிட்ட ஒரு பிழையும் இவ்வுரைக்குக் காரணங்களாகும். பிழையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

மிம்பரிலிருந்து செய்த அறிவிப்பு

நமது மஹல்லாவில் ஒரு சகோதரர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்ற பின்னரே இதனைக் கூறுகிறோம். சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்து வந்தார். ஊசி குத்திய கையோடு மக்ரிபுக்கு வந்து, முதல் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுவார். அந்நிலையில் ஈராண்டுகள் கழிந்தன.

ஒரு ஜும்ஆவின்போது, வெளியூரிலிருந்து வந்த சிலர் இலவச ஹிஜாமா முகாம் ஒன்று நடத்துவதாகக் கூறித் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தனர். நபிவழி மருத்துவம் என்று தலைப்பிட்டிருந்ததால் வேறு எதையும் ஆராயாமல், தொழுகை முடிந்ததும் மிம்பரின் அருகில் நின்று நாமே அதனை வாசித்தோம். அந்தச் சகோதரர் சென்றார். அழுக்கான இரத்தத்தை எடுத்துவிட்டு முதுகில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் சிறுநீரகம் உயிர்பெற்று எழும் என்றும், இயந்திரத்தில் கட்டிப் போடுவதால்தான் அது மேலும் சோம்பிப் போகிறது என்றும் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. நான்கு முறை அவர் டயாலிசிஸுக்குப் போகவில்லை. பத்தாம் நாள் இரவு மூச்சுத் திணறியது. மருத்துவமனை வாயிலை எட்டும் முன்னரே அவரது உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். இத்தாவில் இருந்த அவருடைய மனைவி, ஆறுதல் கூறச் சென்ற நம்மிடம் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஹஜ்ரத், பள்ளியில் சொன்னதால் தானே அவர் போனார்?" அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. எனினும், அஜலைக் காரணம் காட்டி நமது பொறுப்பிலிருந்து நாம் தப்பிக்க இயலாது. கொலை செய்தவனும் அஜல் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஷரீஅத் அவனை விட்டுவிடுவதில்லை.

இரத்தத்தை வடிகட்டுவது என்றால் என்ன?

அந்தத் துக்கத்திற்குப் பிறகு நமது மஹல்லாவைச் சேர்ந்த மருத்துவர்களிடம் அமர்ந்து பாடம் கேட்டோம். நாற்பது வயதைக் கடந்த பின்னர் மீண்டும் மாணவனாக அமர்வதில் வெட்கம் இல்லை. அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அவ்வாறு கேட்டறிந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தத்தைப் பெறுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றில் வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது. உள்ளங்கை அளவுள்ள உறுப்பில் அல்லாஹ் அமைத்திருக்கும் ஏற்பாடு இது. சுப்ஹானல்லாஹ்!

இவ்வுறுப்பு முற்றிலும் பழுதானால் யூரியா, பொட்டாசியம், மிகுதியான நீர் ஆகியவை இரத்தத்தில் தேங்குகின்றன. பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் திடீரென நின்றுவிடும். தேங்கிய நீர் நுரையீரலில் இறங்கினால் மூச்சு அடைக்கும். நம் சகோதரருக்கு நேர்ந்தது இதுதான் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஹிஜாமாவில் எடுக்கப்படுவது சிறிதளவு இரத்தம். அதனோடு நல்ல அணுக்களும் போகின்றனவேயன்றி, உடல் முழுவதும் பரவியிருக்கும் பொட்டாசியம் குறைவதில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்கெனவே இரத்த சோகை இருக்கும். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க மருந்தும் கொடுக்கப்படும். அத்தகையவரின் தோலைக் கீறுவது இரட்டை ஆபத்து.

டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் வழியே செல்கிறது. அக்குழாய்களுக்கு வெளியே நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டர் அளவில் மருந்து நீர் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர்! குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியாகக் கழிவுகள் அந்நீருக்குள் சென்றுவிடுகின்றன. இரத்த அணுக்கள் தங்கிவிடுகின்றன. இங்கும் வெப்பம் உண்டு. மருந்து நீர் உடலின் சூட்டிற்கு இணையாக, 36, 37 டிகிரி அளவில் வைக்கப்படுகிறது. நோயாளிக்குக் குளிர் நடுக்கம் ஏற்படாதிருக்கவே இந்தச் சூடு. அது 42 டிகிரியைக் கடந்தால் சிவப்பணுக்களே சிதையத் தொடங்கும் என்பதால், இயந்திரத்தில் எச்சரிக்கை மணியும் பொருத்தியிருக்கிறார்கள்.

இக்கருவியின் வரலாற்றிலும் நமக்குப் படிப்பினை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் காம்பன் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-இல் இதனை உருவாக்கினார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் உறையை ஒரு மரச்சட்ட உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தைச் செலுத்தினார். நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக மரணித்தனர். அவர் அதை மறைக்கவில்லை. குணமாகிவிட்டது என்று அறிவிக்கவும் இல்லை. 1945-இல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். பின்னர், தாம் செய்த இயந்திரங்களைப் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பி வைத்தார். நீண்ட கால டயாலிசிஸ் 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவரால் சாத்தியமாயிற்று. அவருடைய முதல் நோயாளி பதினோராண்டுகள் வாழ்ந்தார். தோல்வியை ஒளிக்காதவர்களின் உழைப்பே இன்று நமது ஊர்ச் சகோதரர்களின் உயிரைக் காத்து வருகிறது.

பைத்துல்மாலுக்கு வந்த விண்ணப்பம்

இனி இரண்டாவது விஷயத்திற்கு வருவோம். நமது மஹல்லாவின் ஒரு குடும்பத்தார் நிர்வாகக் குழுவிடம் மனு அளித்தனர். அவ்வீட்டுப் பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று பிள்ளைகளின் தாய். அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் தேவை என்று மருத்துவமனையில் கூறியிருந்தார்கள். முடி உதிரும், வாந்தி வரும் என்ற அச்சத்தில் இருந்தபோது, வெளிநாட்டு நிலையம் ஒன்றின் முகவர் வந்து ஒரு சிகிச்சையைப் பற்றி எடுத்துரைத்தார். உடலிலிருந்து இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, வடிகட்டியில் நஞ்சுகளை நீக்கி, சூடேற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்துவார்களாம். அந்தச் சூட்டில் புற்றுநோய் அணுக்கள் மடிந்துவிடுமாம். கத்தி இல்லை, கீமோ இல்லை. கட்டணம் 28 லட்ச ரூபாய். வீட்டை அடமானம் வைத்து 15 லட்சம் திரட்டிவிட்டார்கள். எஞ்சியதற்கு ஜமாஅத் உதவ வேண்டும் என்பதே மனு.

நிர்வாகக் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஓர் உயிரைக் காப்பவர் மனித குலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்ற திருமறையின் கருத்தைச் சிலர் நினைவூட்டினார்கள். இரக்கத்தால் சொன்ன அவர்களின் சொல்லில் குறை இல்லை. ஆயினும் உயிரைக் காக்கும் வழி அதுதானா என்பதை அறியாமல் பைத்துல்மாலைத் திறப்பது அமானத்திற்கு அழகன்று. ஆகவே நாம் மீண்டும் மருத்துவர்களிடம் சென்றோம்.

வெப்பத்தின் வரலாறு

வெப்பத்தால் நோய் தீர்க்கும் எண்ணம் புதியதன்று, பொய்யும் அன்று. ஆஸ்திரியாவில் வாக்னர் யாரெக் என்ற மருத்துவர், சிஃபிலிஸ் முற்றி மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு 1917-இல் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கினார். அந்தக் காய்ச்சலின் சூட்டில் சிலருக்குக் குணம் தெரிந்தது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மலேரியாவே சிலருடைய உயிரைக் குடித்தது. பின்னர் பென்சிலின் வந்ததும் அம்முறை கைவிடப்பட்டது.

இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் வெப்பத்திற்கு ஓர் இடம் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் அடிவயிற்றைச் சூடேற்றும் முறையையும் சேர்த்து நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காடு. வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 விழுக்காடு. பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே அளவு பலன் தெரியவில்லை. முற்றிய சினைப்பைப் புற்றுநோயில், அறுவைச் சிகிச்சையின் முடிவில் சூடேற்றிய கீமோ மருந்தால் வயிற்றின் உட்புறத்தைக் கழுவும் முறை 245 பெண்களிடம் ஆராயப்பட்டு, 2018-இல் முடிவு வெளியானது. நடுநிலை ஆயுட்காலம் சுமார் 34 மாதங்களிலிருந்து 46 மாதங்களாக உயர்ந்திருந்தது.

இவ்விரண்டிலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெப்பம் துணையாக வந்தது. கதிர்வீச்சையும் கத்தியையும் கீமோவையும் விலக்கிவிட்டு அது தனியே வரவில்லை. நமது சகோதரியிடம் சொல்லப்பட்டதோ, அவையனைத்தையும் விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்பதாகும்.

இரத்தத்தையே வெளியில் எடுத்துச் சூடேற்றும் முறையும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டதுதான். 1990-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இரண்டு மருத்துவர்கள், எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் இரத்தத்தை இவ்வாறு சூடேற்றி, உடல் வெப்பத்தை 42 டிகிரி அளவுக்கு உயர்த்தினார்கள். அவருடைய தோலில் இருந்த புற்றுப் புண்கள் மறைந்துவிட்டன என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. மரணத்தின் வாசலில் நின்ற எத்தனையோ பேர் அச்சிகிச்சையைக் கேட்டுத் தவித்தனர். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குழுவை அனுப்பி ஆராய்ந்தது. அப்புண்கள் அவர்கள் எண்ணிய புற்றுநோயே அல்ல. பூனைக் கீறலால் பரவும் ஒரு கிருமி நோயின் அடையாளங்கள் என்று அக்குழு கண்டது. அச்சிகிச்சையால் எய்ட்ஸுக்குப் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அறிவித்தது. இல்லாத நோய் தீர்ந்துவிட்டதாக ஊரெல்லாம் பேசிற்று. எய்ட்ஸ் நோயாளிகளின் வாழ்வை மாற்றியது 1996 முதல் பரவலான கூட்டு மருந்துகள்தாம்.

இதில் ஆபத்தும் குறைவன்று. உடல் முழுவதையும் 42 டிகிரி வரை சூடேற்றுகையில் இதயத் துடிப்பு தடுமாறலாம், கல்லீரல் பழுதுபடலாம், இரத்தம் உறையும் தன்மை கெடலாம், மூளைக்கும் தீங்கு நேரலாம். புற்றணுவைக் கொல்லும் சூட்டிற்கும் மனிதரைக் கொல்லும் சூட்டிற்கும் இடைவெளி ஓரிரு டிகிரிதான். ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் அணுவைச் சூட்டினால் கொல்வது எளிது. அதைச் சுமந்திருக்கும் தாயைக் கொல்லாமல் அதைக் கொல்வதல்லவா மருத்துவம்?

வடிகட்டும் முறையிலும் உண்மை இல்லாமல் இல்லை. பரம்பரையாக மிகக் கடுமையான கொழுப்பு உள்ளவர்களுக்கும், நரம்புகளைத் தாக்கும் சில நோய்களுக்கும் இரத்தத்தின் குறிப்பிட்ட பகுதியை நீக்கும் முறை நல்ல மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. எதை நீக்குகிறார்கள், எவ்வளவு நீக்குகிறார்கள் என்பதை அங்கே அளந்து காட்டுவார்கள். ஆனால் கொரோனாவுக்குப் பின் நீங்காத சோர்வால் வருந்தியவர்கள் பலர், இரத்தம் கழுவும் சிகிச்சைக்காக ஜெர்மனி, சைப்ரஸ் முதலிய நாடுகளுக்குச் சென்று தம் சேமிப்பையெல்லாம் செலவழித்ததை 2022-இல் பிரிட்டானிய மருத்துவ இதழ் ஒன்று வெளிப்படுத்தியது. நஞ்சு என்று பொதுவாகச் சொல்லி, அது எந்த நஞ்சு என்று பெயர் சொல்லாதவரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

மார்க்கம் கற்றுத் தரும் அளவுகோல்

ஹிஜாமா ஸுன்னத் அல்லவா, அதனை எவ்வாறு குறை கூறலாம் என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. குறை கூற நமக்குத் துணிவும் இல்லை, எண்ணமும் இல்லை. தேன், ஹிஜாமா, நெருப்புச் சூடு ஆகிய மூன்றிலும் நிவாரணம் இருப்பதாகவும், ஆயினும் தம் சமுதாயத்தார் சூடிட்டுக்கொள்வதைத் தாம் விலக்குவதாகவும் நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. இரத்தமும் சூடும் ஒரே ஹதீஸில் இடம்பெற்றிருப்பதைச் சிந்தியுங்கள். ஒன்றை அனுமதித்த நாவே, மற்றொன்றில் பலன் இருந்தும் எச்சரித்தது. வேதனையும் தீங்கும் உள்ள மருத்துவத்தை அவசரமாக நாடக் கூடாது என்ற பாடத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துள்ளனர்.

மேலும், எல்லா நோய்க்கும் எல்லாருக்கும் ஹிஜாமா என்று நம் முன்னோர் கூறவில்லை. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நபிவழி மருத்துவம் பற்றி விரிவாக எழுதிய இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், தேர்ந்த மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டிய இருபது விஷயங்களைப் பட்டியலிடுகிறார்கள். நோயின் வகை, காரணம், நோயாளியின் வலிமை, வயது, வழக்கம், பருவகாலம், ஊர் ஆகியவை அவற்றில் அடங்கும். துண்டறிக்கை அச்சிடுபவர் இவற்றில் எதை ஆராய்ந்தார்?

அபூதாவூதில் வரும் மற்றொரு நிகழ்ச்சி நம் உள்ளத்தை நடுங்கச் செய்வதாகும். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டிருந்தது. அந்நிலையில் அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதி இல்லை என்று அறியாமல் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணித்தார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்ற பொருள்படக் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவது என்று சற்று முன்னர் நாம் கூறிய வாக்கு, அந்த வேளையில் அருளப்பட்டதே. நல்ல எண்ணத்தோடு சொன்னவர்கள்தாம் அவர்கள். எனினும் நல்லெண்ணம் அவர்களைக் காப்பாற்றவில்லை. இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிய காலத்தில், தயம்முமின் சட்டத்தை மட்டுமே நாம் குறித்துக்கொண்டோம். அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பிறகுதான், அது நம்மை நோக்கியும் பேசுகிறது என்பதை உணர்ந்தோம்.

மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழியே. நம் நாட்டுச் சட்டமும் இதனையொட்டிப் பேசுகிறது. புற்றுநோய், நீரிழிவு முதலான நோய்களைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகை அத்தகைய விளம்பரத்திற்கு இடம் தருவது எவ்வளவு பெரிய தவறு என்பதை எண்ணிப் பாருங்கள்.

தவக்குல் பற்றியும் ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வையுங்கள் என்பதே நமக்குக் கிடைத்த வழிகாட்டல். டயாலிசிஸை விட்டுவிடுவது தவக்குல் அன்று. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடுவதாகும்.

நாம் எடுத்த முடிவுகள்

மனு அளித்த குடும்பத்தாரை நாமும் முத்தவல்லி அவர்களும் நேரில் சென்று சந்தித்தோம். அந்நிலையத்தாரிடம் கேட்குமாறு ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். எத்தனை நோயாளிகளுக்குச் செய்தீர்கள்? ஐந்தாண்டுகளுக்குப் பின் எத்தனை பேர் உயிருடன் இருக்கின்றனர்? எந்த மருத்துவ இதழில் அது வெளியாகியுள்ளது? தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? இந்தச் சிகிச்சையால் வழக்கமான சிகிச்சை தள்ளிப்போனால் நோயின் நிலை என்னவாகும்? முகவர் முதல் கேள்விக்கே பதில் தரவில்லை. முன்பணம் செலுத்தினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று மட்டும் பதில் வந்தது.

அக்குடும்பத்தின் மூத்தவர் நம்மிடம் கோபித்துக்கொண்டார். "உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிக் கணக்குப் பார்ப்பீர்களா ஹஜ்ரத்?" என்றார். அக்கோபத்தில் நியாயம் உண்டு. நம் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இதனையே சொல்வோம் என்று கூறி, மறுநாள் நமது துணைவியாரை அச்சகோதரியுடன் அமர்ந்து பேச அனுப்பினோம். கீமோவைக் குறித்து அவருக்கு இருந்த அச்சத்தை அதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. மருத்துவமனைகளில் பேச நேரம் இல்லை. முகவருக்கோ பேச நேரம் நிறைய இருந்தது. மக்கள் ஏமாறுவதற்கு அறியாமையைக் காட்டிலும் இந்தத் தனிமையே பெரும் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற சேவை நிலையங்களும், அரசு மருத்துவமனைகளும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருப்பதை அக்குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தோம். அடமானம் மீட்கப்பட்டது. அச்சகோதரிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோ நடைபெற்று வருகிறது. குணத்திற்கு நாம் உத்தரவாதம் தர இயலாது. ஷிஃபா அல்லாஹ்விடம் இருந்தே வருகிறது. துணைக்குச் செல்பவரின் தங்குமிடம், உணவு, போக்குவரத்து ஆகியவற்றை பைத்துல்மால் ஏற்றிருக்கிறது.

நிர்வாகக் குழு ஏகமனதாக எடுத்த முடிவுகளை இங்கே அறிவிக்கிறோம்.

முதலாவது, எந்த மருத்துவ முகாமின் அறிவிப்பும், அது எந்தப் பெயரில் வந்தாலும், மஹல்லாவின் மருத்துவர்கள் இருவர் பார்த்துக் கையொப்பமிடாமல் பள்ளியில் வாசிக்கப்படாது, பலகையிலும் ஒட்டப்படாது.

இரண்டாவது, ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோர் தகுதி பெற்ற மருத்துவரிடம், ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடும் கிண்ணமும் மற்றவருக்குப் பயன்படுத்தப்படாத இடத்தில் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தின் வழியே பரவுபவை. சிறுநீரக நோயாளிகள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், கர்ப்பிணிகள், இரத்த சோகை உள்ளவர்கள் தம் மருத்துவரின் அனுமதியின்றிச் செய்துகொள்ளலாகாது. எதற்காகவும் டயாலிசிஸையோ, இன்சுலினையோ, இதய மருந்தையோ நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் மஹல்லாவாசிகளுக்குப் போக்குவரத்துச் செலவு பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் வழங்கப்படும். அலைச்சலும் வண்டிக் கூலியுமே பலரைச் சோர்வடையச் செய்கின்றன. மறைந்த அந்தச் சகோதரரும் அதைச் சொல்லி வருந்தியதுண்டு என்று பின்னரே அறிந்தோம்.

நான்காவது, பெரு நோய் வந்த வீட்டிற்கு ஒரு வாரத்திற்குள் ஜமாஅத் சார்பில் இருவர் சென்று அமர்ந்து பேச வேண்டும். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செலுத்த வேண்டிய கடமைகளில் ஒன்று. பழமும் பிஸ்கட்டும் வாங்கிச் சென்று ஐந்து நிமிடத்தில் எழுந்து வருவதோடு அது முடிந்துவிடுவதில்லை.

கண்ணியமானவர்களே! இத்தா முடிந்த பின்னர் அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்று, அவருடைய பிள்ளைகளின் முன்னிலையில் நம் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "மற்ற வீட்டிலாவது இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்றார். இன்றைய இவ்வுரை அவருக்கு நாம் கொடுத்த வாக்கின் ஒரு பகுதி. மீதியை நிறைவேற்ற உங்கள் ஒவ்வொருவரின் துணையும் தேவை. அடுத்த முறை எவரேனும் ஒரு துண்டறிக்கையை நம் கையில் தந்து, நாம் அவசரத்தில் வாசிக்க முற்பட்டால், ஸஃப்பிலிருந்து எழுந்து நின்று, மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். அதனை அவமரியாதையாகக் கொள்ள மாட்டோம். நம் ஆகிரத்திற்குச் செய்த உதவியாகக் கொள்வோம்.

யா அல்லாஹ்! அந்தச் சகோதரரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்கித் தருவாயாக! எங்கள் நாவால் நேர்ந்த தீங்கை மன்னிப்பாயாக! நோயுற்றிருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும், எங்கள் மருத்துவர்களுக்கு நேர்மையையும் இரக்கத்தையும் தந்தருள்வாயாக! பைத்துல்மாலின் அமானத்தைப் பேணும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் நல்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.